அத்தையின் விடுதலைப் பத்திரம்

வணக்கம். சட்டக் கல்லூரியில் 31 வருடமாக வருமான வரிச் சட்டமும் வாரிசுரிமைச் சட்டமும் நடத்துகிறேன். வரும் மே மாதம் ஓய்வு. இரண்டு பாடத்திலும் பெண் எங்கே நிற்கிறாள் என்பதைத்தான் வகுப்பில் விடாமல் பேசியிருக்கிறேன். ‘வரிக்கும் பெண்ணுரிமைக்கும் என்ன மேடம் சம்பந்தம்?’ என்று சக ஆசிரியர்களே கேட்டதுண்டு. குடும்ப வன்முறை வழக்குகளில் நின்று போராடிய என் தோழிகளைப் பார்க்கும்போது, நான் வெறும் கணக்குப்பிள்ளை வேலை பார்த்துவிட்டேனோ என்று தோன்றுகிறது. உங்களிடம் கேட்க நினைத்தது இதுதான்: முன்பு பெண்களுக்கு வருமான வரியில் தனி வரம்பு இருந்ததே, அது மறுபடி வர வேண்டுமா? என் கணவர் இறந்து 9 வருடம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. தங்கை மகள் என்னோடு தங்கிப் படிக்கிறாள். இத்தனை வருடம் உயில் பாடம் நடத்திவிட்டு உனக்கென்று ஒன்று எழுதவில்லையே பெரியம்மா என்று கேலி செய்கிறாள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள பேராசிரியர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று என் அத்தையின் பழைய தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கேள்வி. 2011-12 நிதியாண்டில் ஆண்களுக்கு 1,80,000 ரூபாய் வரை வரி இல்லை, பெண்களுக்கு 1,90,000 வரை. அடுத்த வருடமே அந்த வித்தியாசத்தை எடுத்துவிட்டார்கள். 10 சதவீத வரி கட்டுகிற பெண்ணுக்கு அதில் மிச்சமானது ஆயிரம் ரூபாய். திரும்ப வந்தால் வரட்டும். அதற்காகக் கொடி பிடிக்க எனக்கு மனமில்லை.

அப்புறம் அந்தக் ‘கணக்குப்பிள்ளை’ என்ற வார்த்தை. அதை நீங்கள் எழுதியிருக்கக் கூடாது. ரூத் பேடர் கின்ஸ்பர்க் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாவதற்கு முன் உங்களைப் போல வகுப்பெடுத்துக்கொண்டிருந்தவர்தானே? 1971-ல் அவர் மனு எழுதிக் கொடுத்த ரீட் வழக்கு எதைப் பற்றியது? இறந்துபோன மகன் விட்டுச்சென்ற சொத்தை நிர்வகிக்கத் தாயும் கேட்டார், தகப்பனும் கேட்டார். ஆணுக்கே முன்னுரிமை என்றது ஐடஹோ மாநிலச் சட்டம். மொத்தச் சொத்து ஆயிரம் டாலர்கூடத் தேறாது. ஆனால், சமத்துவ விதியை வைத்து, ஆண் பெண் என்று பேதம் பார்த்த ஒரு சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் முதன்முதலாகத் தள்ளியது அந்த வழக்கில்தான். அடுத்த வருடம் மோரிட்ஸ் வழக்கு. அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்த ஒரு கல்யாணமாகாத மகனுக்கு, மகளாக இருந்தால் கிடைத்திருக்கும் வரிச் சலுகை கிடைக்கவில்லை. அந்த வழக்கைக் கண்டுபிடித்துக் கின்ஸ்பர்க்கிடம் நீட்டியவர் வரி வழக்கறிஞரான அவருடைய கணவர். ஒன்று வாரிசுச் சொத்து, இன்னொன்று வருமான வரி. நீங்கள் 31 வருடம் நடத்திய அதே இரண்டு பாடம். இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியிருப்பதுதான் எனக்குக் கோபம்.

சரி, அத்தை கதைக்கு வருகிறேன்.

தாத்தா 1993-ல் உயில் எழுதாமல் இறந்தார். வீடு அவர் சுயமாகச் சம்பாதித்துக் கட்டியது. அதில் அத்தைக்கும் பங்கு உண்டு என்று 1956-லேயே சட்டம் சொல்லிவிட்டது. காரியம் முடிந்து ஒரு மாதம் இருக்கும், பெரியப்பாவும் அப்பாவும் அத்தையைச் சார் பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார்கள், பள்ளிக்கூடம் லீவு என்பதால் நானும் கூடவே போனேன். பத்திர எழுத்தர் அவசர அவசரமாகப் படித்தார், அத்தை கேட்டாளா என்பதே சந்தேகம், காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டு, இடது கட்டைவிரலை மையில் அழுத்தி ரேகை வைத்துவிட்டு, மையைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். தன் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டதாக எழுதித் தரும் அந்தக் காகிதத்துக்குப் பெயர் விடுதலைப் பத்திரம். வெளியே வந்ததும் ஒரு பட்டுப் புடவையும் ஐயாயிரம் ரூபாயும் கொடுத்தார்கள். ‘பங்கு வேற குடும்பத்துக்குப் போயிடக் கூடாதில்ல’ என்று பெரியப்பா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

அத்தைக்குப் பிள்ளைகள் இல்லை. ஐந்தாறு வருடத்தில் மாமாவும் போய்விட்டார். மாமா வீட்டில் அவளை வைத்துக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டுக்கே வந்து, வாசல் திண்ணையில் தையல் மெஷின் போட்டு ஊருக்கே ஜாக்கெட் தைத்தாள். அந்தக் காசில் அரை கிரவுண்ட் நிலம் வாங்கினாள். பத்திரத்தைப் பூஜை அலமாரியில் வைத்து வெள்ளிக்கிழமைதோறும் அதற்கும் பொட்டு வைப்பாள். உயில் எழுதவில்லை. யாரும் எழுதச் சொல்லவும் இல்லை. அவள் இறந்த பிறகு, காரியத்துக்குக்கூட வராத மாமாவின் தம்பி பிள்ளைகள் வாரிசுச் சான்றிதழோடு வந்து நின்றார்கள். நிலம் அவர்களுக்குத்தான் போயிற்று.

இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-வது பிரிவை உங்களுக்கு நான் நடத்த வேண்டியதில்லை. வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பெண் உயில் எழுதாமல் இறந்தால் முதலில் பிள்ளைகளும் கணவனும், அவர்கள் இல்லையென்றால் கணவனின் வாரிசுகள், அதற்கும் பிறகுதான் பெற்ற தாயும் தகப்பனும். ஆண் இறந்தால் அம்மா முதல் வரிசையிலேயே இருக்கிறாள், மனைவியின் சொந்தங்களுக்கு அங்கே இடமே கிடையாது. 2009-ல் ஓம்பிரகாஷ் எதிர் ராதாசரண் என்றொரு தீர்ப்பு. கல்யாணமாகி மூன்றே மாதத்தில் கணவன் இறந்துபோக, புகுந்த வீடு துரத்திவிட, பெற்றோர் படிக்க வைத்து வேலைக்குப் போன பெண் அவர். அவர் உழைத்துச் சேர்த்த வங்கிப் பணமும் வருங்கால வைப்பு நிதியும் யாருக்கு என்பதுதான் வழக்கு. பெற்ற தாய் கேட்டார். உச்ச நீதிமன்றம் நாத்தனார் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. அனுதாபம் வேறு, சட்டம் வேறு என்றது.

இதில் என்னை இன்றுவரை அறுப்பது வேறொன்று. அதே பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. பிள்ளை இல்லாத பெண்ணுக்குத் தாய் தகப்பனிடமிருந்து வாரிசாக வந்த சொத்து என்றால், அது தகப்பனின் வாரிசுகளுக்கே திரும்பும். அதாவது தாத்தா வீட்டில் அத்தையின் பங்கை அவளிடமே விட்டிருந்தால், கடைசியில் அது எங்களிடம்தான் வந்திருக்கும். வேறு குடும்பத்துக்குப் போயிருக்காது. எதற்குப் பயந்து அவள் கையில் மையைத் தடவினார்களோ அதற்குச் சட்டம் ஏற்கெனவே அணை கட்டி வைத்திருந்தது. அவள் விரலும் கண்ணும் தேயச் சம்பாதித்ததற்குத்தான் அணை இல்லை. அப்பாவிடம் இதை விளக்கிச் சொன்ன அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. நான் வளர்ந்த வீட்டில் ஒரு அறை அத்தையுடையது என்று அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது. சாகும்வரை அவள் படுத்தது கூடத்தில்.

அன்றைக்கு அந்த அலுவலகத்தில் உங்களிடம் படித்த ஒரு பெண் இருந்து, ‘அத்தை, கொஞ்சம் பொறுங்க’ என்று சொல்லியிருந்தால் போதும். உங்கள் தோழிகளின் வேலை பெரியது, மறுக்கவில்லை. ஆனால் கையில் காசும் தலைக்குமேல் கூரையும் இல்லாத பெண் அடி வாங்கிக்கொண்டு அங்கேயேதான் கிடப்பாள் என்பதை அவர்களே உங்களுக்குச் சொல்லியிருப்பார்களே.

 

இப்போது கடிதத்தின் கடைசி வரி. கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா, நான் திட்டத்தான் போகிறேன். கணவர் இல்லை, பிள்ளை இல்லை, சொந்தச் சம்பளத்தில் சேர்த்தது இருக்கிறது, உயில் இல்லை. என் அத்தை ஏழாம் வகுப்பு, அவளுக்குத் தெரியாது. நீங்கள் 31 வருடம் இதே பிரிவைக் கரும்பலகையில் எழுதியவர். இதைக் கேலியாக எடுத்துக்கொள்ளும் அந்தப் பெண்ணுக்கு, நாளை உங்களுக்கு ஏதாவது ஆனால் அந்த வீட்டில் நிற்க ஒரு அடி இடம்கூட இல்லை என்று சொல்லியிருக்கிறீர்களா?

ஸ்டாம்ப் பேப்பர்கூட வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். நீங்கள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பெண்ணைச் சாட்சியாக வைக்காதீர்கள், உங்களைக் கணக்குப்பிள்ளை ஆக்கிய அந்தத் தோழிகளில் இரண்டு பேரைக் கூப்பிடுங்கள். பதிவு செய்வதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மே மாதம்வரை தள்ளாதீர்கள், இந்த ஞாயிற்றுக்கிழமையே முடித்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

அன்புடன்.