நடனத்தை மறைத்துப் பாருங்கள்
புதுச்சேரியில் கல்லூரிக் கட்டுரைக்காக, அமெரிக்கப் பாடகர் சைல்டிஷ் காம்பினோவின் 2018ஆம் ஆண்டுப் பாடல் காணொளியான ‘திஸ் இஸ் அமெரிக்கா’வைப் பத்து முறை பார்த்தும் நடனத்தைத் தவிர வேறெதுவும் பிடிபடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இயக்குநர் ஹிரோ முராய் விரித்த வலையே அதுதான் என்பது என் கருத்து. வைத்திக்குப்பம் மாசிமகத்தில் உற்சவரையே பார்த்து நிற்பவருக்கு முதுகுக்குப் பின்னால் நடக்கும் தள்ளுமுள்ளு தெரியாததைப் போல, முன்னால் ஆடுபவர்கள் நம் கண்ணைக் கட்டிவைக்க, காணொளி நடக்கும் கிடங்கின் பின்புறத்தில் ஓட்டமும் கலவரமும் நடந்துகொண்டிருக்கின்றன. ஒலியை நிறுத்திவிட்டு, ஆடுபவரை விரலால் மறைத்துக்கொண்டு ஒருமுறை பாருங்கள். முதல் கொலை நடந்த சில நொடிகளில், துப்பாக்கியைக் கோயில் நகையைப் போலச் சிவப்புத் துணியில் பதமாக ஏந்திச் செல்கிறார்கள். சுடப்பட்டவரின் உடலோ தரையோடு இழுபடுகிறது. கட்டுரையை அந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். பின்னணியில் கடந்துபோகும் வெள்ளைக் குதிரையை விவிலியத்தோடு இணைத்துப் பலரும் எழுதிவிட்டார்கள். அதற்கு ஒரு வரி போதும்.