படம் பார்த்து அழுதார்கள், தேர்வில் ஓசோன் என்று எழுதினார்கள்

கேள்வி: எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். காலநிலை மாற்றத்தை வெறும் பாடமாக நடத்தாமல் கதை, ஆவணப்படம், செய்தி என்று கலந்து நடத்திப் பார்த்தேன். பனிப்பாறைகள் உருகும் படம் ஒன்றை முழுதாகப் போட்டேன். வகுப்பே அமைதியாகிவிட்டது, இரண்டு பிள்ளைகள் அழுதேவிட்டார்கள். அடுத்த வாரத் தேர்வில் ‘புவி ஏன் சூடாகிறது?’ என்று கேட்டால், பாதிப் பேர் ‘ஓசோனில் ஓட்டை விழுந்ததால்’ என்று எழுதியிருக்கிறார்கள். கதை சொன்னால் அறிவியல் நழுவுகிறது, அறிவியல் சொன்னால் பிள்ளைகள் தூங்குகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த ஓசோன் விடையைக் கொஞ்சம் மரியாதையோடு பாருங்கள். மேலே ஒரு ஓட்டை, அது வழியாக வெயில் கொட்டுகிறது, அதனால் சூடாகிறது. தவறான கதைதான், ஆனால் காரணம், நிகழ்வு, விளைவு மூன்றும் இருக்கும் முழுக் கதை. நீங்கள் போட்ட படத்தில் விளைவு மட்டும்தான் இருந்திருக்கும்: பனி உடைகிறது, கரடி தவிக்கிறது, இசை உருக்குகிறது. ஏன் உருகுகிறது என்பது எங்கோ ஒரு வரியில் வந்து போயிருக்கும். காலியாக இருந்த அந்த இடத்தில் பிள்ளைகள் தங்களிடம் ஏற்கெனவே இருந்த காரணத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். ஆகவே கதையை விட வேண்டாம். காரணம் உள்ளேயே இருக்கும் கதையாகத் தேர்ந்தெடுங்கள்.

அப்படிப்பட்ட கதை ஒன்று கைவசம் இருக்கிறது. 1856-ல் யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண் கண்ணாடி உருளைகளில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து, வெப்பமானியோடு வெயிலில் வைத்தார். கரியமில வாயு இருந்த உருளைதான் அதிகம் சூடேறியது. நிழலுக்குக் கொண்டுவந்த பிறகும் அது ஆற வெகுநேரம் பிடித்தது. வளிமண்டலத்தில் இந்த வாயு கூடினால் பூமியே இதைவிடச் சூடாக இருக்கும் என்று அப்போதே எழுதினார். அறிவியல் மாநாட்டில் அவருடைய கட்டுரையை வாசித்தவர் வேறொருவர், ஓர் ஆண். பிறகு நூறு வருடத்துக்கும் மேல் ஃபூட்டை ஏறக்குறைய எல்லோரும் மறந்தே போனார்கள்.

இதை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடாதீர்கள். உருளைகள் வெயிலில் இருக்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, ‘எது அதிகம் சூடாகும்? ஏன்?’ என்று கேட்டு நோட்டில் எழுத வையுங்கள். ஊகம் எழுதிவிட்ட பிள்ளைக்கு விடை தெரியாமல் இருப்புக் கொள்ளாது. அப்புறம் கதையின் இரண்டாம் பாதிக்குப் போங்கள். வெயிலில் வைத்ததால், உள்ளே வந்த ஒளியின் வேலையையும் சூடான பொருள்களிலிருந்து வரும் வெப்பக் கதிரின் வேலையையும் ஃபூட்டால் தனியாகப் பிரிக்க முடியவில்லை. 1859-ல் ஜான் டிண்டால் என்ற இயற்பியலாளர் ஆய்வகத்தில் அதைச் செய்தார். கரியமில வாயுவும் நீராவியும் கண்ணுக்குத் தெரியும் ஒளியை விட்டுவிடுகின்றன, வெப்பக் கதிரைப் பிடித்துக்கொள்கின்றன. உங்கள் பாடத்தின் உயிர்நாடி இந்த ஒரு வாக்கியம்தான். இது பிடிபட்டால் ஓசோன் விடை தானே ஆட்டம் காணும்: சிக்கல், அதிக வெயில் உள்ளே வருவதில் இல்லை, வெப்பம் எளிதாக வெளியே போக முடியாததில் இருக்கிறது.

ஓசோனையும் ஒதுக்கிவிடாமல் தனிக் கதையாகச் சொல்லுங்கள். குளிர்சாதனப் பெட்டியிலும் ஸ்பிரே டப்பாவிலும் இருந்த குளோரோஃபுளோரோகார்பன்கள் என்ற வாயுக்கள் ஓசோனை அரிக்கும் என்று 1974-ல் இரண்டு வேதியியலாளர்கள் எச்சரித்தார்கள். 1985-ல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் வெகுவாகக் குறைந்திருப்பது வெளிவந்தது. 1987-ல் அந்த வாயுக்களைப் படிப்படியாகக் கைவிட நாடுகள் செய்துகொண்ட மான்ட்ரியல் ஒப்பந்தம். இப்போது ஓசோன் படலம் மெல்ல மெல்லத் தேறிவருகிறது. இரண்டு கதைகளும் தனித்தனி என்பது மனத்தில் பதியும், உலகம் சேர்ந்து ஒன்றைச் சரிசெய்ததும் தெரியவரும். (விவரமான பிள்ளை ஒன்று, அந்த வாயுக்களே வெப்பத்தையும் பிடித்துவைக்குமே என்று கேட்கலாம். ஆமாம், பிடிக்கும். கேட்ட பிள்ளையைப் பாராட்டிவிட்டு மேலே போங்கள்.)

படத்துக்கு வருவோம். முழுப் படம் வேண்டவே வேண்டாம். மூன்று நிமிடத் துண்டு போதும். முதல் தடவை ஒலியை அணைத்துவிட்டுப் போட்டு, ‘என்ன தெரிகிறது, அதை மட்டும் எழுது’ என்று சொல்லுங்கள். இரண்டாம் தடவை ஒலியோடு. இப்போது என்ன கூடியது? சோகம் எங்கிருந்து வந்தது, பனியிலிருந்தா வயலினிலிருந்தா? இந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் சொல்லும் பதில்கள் பிரமாதமாக இருக்கும்.

பிறகு திரையில் பார்த்ததை மேசையில் செய்து பாருங்கள். இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீர் எடுங்கள். ஒன்றில் பனிக்கட்டி மிதக்கட்டும். இன்னொன்றில் தண்ணீருக்கு மேலே தலைநீட்டும் ஒரு கல்லை வைத்து, அதன்மேல் பனிக்கட்டியை வையுங்கள். மட்டத்தைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். உருக நேரமாகும் என்பதால் முந்தின பீரியடிலேயே வைத்துவிடுவது நல்லது. மிதந்த கட்டி உருகினாலும் மட்டம் மாறாது, கல்மேல் இருந்தது உருகினால் ஏறும். கடல் பனிக்கும் நிலப் பனிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஒருமுறை என் வகுப்பில் கட்டி கல்லிலிருந்து வழுக்கித் தண்ணீரில் விழுந்துவிட்டது. சோதனை கெட்டுவிட்டதே என்று நான் பார்த்துக்கொண்டிருக்க, முன்பெஞ்சுப் பையன் குறியைக் காட்டி, “உருகவே வேணாம் சார், விழுந்தாலே ஏறிடுது” என்றான். நிலத்திலிருந்து சறுக்கிக் கடலில் சேரும் பனிக்கு அதுதான் நடக்கிறது. அன்று முதல் நானே வேண்டுமென்று ஒரு கட்டியைத் தள்ளிவிடுகிறேன்.

எண்களையும் கதையாகப் படிக்கலாம். 1958-ல் சார்லஸ் டேவிட் கீலிங், ஹவாயின் மௌனா லோவா மலையில் காற்றிலிருக்கும் கரியமில வாயுவை அளக்கத் தொடங்கினார். அப்போது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன்பு ஏறக்குறைய 280. அந்த வரைகோட்டைப் பலகையில் போட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். கோடு ஏன் ரம்பப் பல் மாதிரி இருக்கிறது என்று யாராவது கேட்பார்கள். வட அரைக்கோளத்தில்தான் நிலமும் செடிகொடியும் அதிகம். அங்கே கோடையில் இலை தழைக்கும்போது வாயு குறையும், குளிர்காலத்தில் கூடும். ஒவ்வொரு பல்லும் ஓர் ஆண்டு. பல் ஏறி இறங்குவதையும் கோடு மொத்தமாக மேலே போவதையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு, வானிலையும் காலநிலையும் வேறு வேறு என்று சொல்லிக்கொடுப்பது சுலபம்.

செய்திக்கு ஒரே ஒரு பயிற்சி சொல்கிறேன். வெள்ளம் சூழ்ந்த நெடுஞ்சாலையில் சுறா நீந்தும் படம் 2011 முதல் ஒவ்வொரு புயலுக்கும் வேறு வேறு ஊரின் பெயரோடு சுற்றிவருகிறது. ஒட்டுவேலை செய்த படம். அதைக் காட்டி நம்புகிறீர்களா என்று மட்டும் கேளுங்கள். படத்தையே உற்றுப் பார்த்துத் துப்பறிய விடாதீர்கள். வேறு யார் இதைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று வெளியே போய்த் தேட வையுங்கள். பழகவேண்டியது அந்தப் பழக்கம்தான். கூடவே ஒரு எச்சரிக்கை: படம் பொய் என்றால் வெள்ளமும் பொய் என்று சில பிள்ளைகள் முடிவுகட்டிவிடும். அதே புயலின் உண்மையான படம் ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அழுத இரண்டு பிள்ளைகளிடம், எதை நினைத்து அழுகை வந்தது என்று தனியாகக் கேளுங்கள். ‘மரம் நட்டால் சரியாகிவிடும்’ என்று அவசரமாகத் தேற்ற வேண்டாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது போதாது என்று தெரியும். போஸ்டர் வரைய வைத்துப் பாடத்தை முடிப்பதும் எனக்குப் பிடிக்காது. கரியமில வாயு எங்கிருந்து வருகிறது, எந்த வேலையை எதை எரிக்காமல் செய்யலாம் என்று பட்டியல் போட ஆரம்பித்தால், பயம் மெல்லக் கேள்வியாக மாறும்.

சரி, தேர்வு. ‘புவி ஏன் சூடாகிறது?’ என்ற கேள்விக்கு மனப்பாடமும் ஓசோனும்தான் வரும். அடுத்த முறை இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘ஓசோனில் ஓட்டை விழுந்ததால்தான் பூமி சூடாகிறது என்று உன் தம்பி சொல்கிறான். அவனுக்குப் புரியும்படி ஐந்து வரியில் பதில் எழுது. அதனால் என்ற சொல் இரண்டு முறையாவது வரவேண்டும்.’ திருத்தும்போது மொழியழகைப் பார்க்க வேண்டாம். உள்ளே வரும் ஒளியும் வெளியே போகும் வெப்பமும் இரண்டு தனி விஷயங்களாக அந்த ஐந்து வரிக்குள் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்து மதிப்பெண் போடுங்கள்.