பேங்க் அனுப்பிய எம்டிஎம் தாளை அப்படியே பதியலாமா?

டாலர் ஃபார்வர்டு (பின்னொரு தேதியில், இப்போதே பேசி முடித்த விலைக்கு டாலரைத் தரும் ஒப்பந்தம்) விற்று வைத்திருக்கிறோம். மார்ச் 31-க்கு பேங்க் தரும் எம்டிஎம் (அன்றைய சந்தை விலையில் ஒப்பந்தத்தின் மதிப்பு) தொகையைத்தான் பதிகிறோம். ஆடிட்டர் ஏற்கவில்லை. ஏன்?

தாளில் உள்ள எண் சரியாகவே இருக்கலாம். அது எப்படி வந்தது என்பதற்கு உங்களிடம் காகிதம் இல்லை, சிக்கல் அதுதான். பேங்க் உங்கள் எதிர்த்தரப்பு. மதிப்புக்குப் பொறுப்பு கம்பெனிதான்.

நீங்களே போட்டுப் பாருங்கள். 10 லட்சம் டாலரை ஜூன் 30-க்கு 84.50 ரூபாய்க்கு விற்றிருக்கிறீர்கள் என்று வைப்போம். மார்ச் 31 அன்று ஸ்பாட் (உடனடி டாலர் விலை) 84.80, அதே ஜூன் 30-க்கான ஃபார்வர்டு 85.20. நட்டம் டாலருக்கு 70 காசு, மொத்தம் 7 லட்சம். அது கைவிட்டுப் போவது ஜூனில்தான் என்பதால் 91 நாளுக்கு வட்டியைக் கழிக்க வேண்டும், ஆண்டுக்கு 6.5 சதவீதத்தில் சுமார் 6.89 லட்சம் வரும். பலர் ஸ்பாட்டை வைத்து 3 லட்சம் என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு: ஒப்பந்தம் ஜூன் டாலருக்கு, இன்றைய டாலருக்கு அல்ல.

ஃபார்வர்டு பிரீமியத்துக்கு (ஸ்பாட்டுக்கு மேல் ஃபார்வர்டு விலையில் கூடும் தொகை), சந்தை அளவுகோல்களை வெளியிடும் அமைப்பான எஃப்பிஐஎல் தரும் விகிதங்களை எடுக்கலாம். முதிர்வு தேதி இரண்டு மாதப் புள்ளிகளுக்கு நடுவே விழுந்தால் நாள் கணக்கில் பிரித்துக்கொள்ளுங்கள். இப்படி வந்தால் அது லெவல் 2, அதாவது சந்தையில் தெரியும் விகிதங்களிலிருந்து கணக்கிட்ட மதிப்பு.

இன்னொன்றும் உண்டு. யாராவது பணம் தராமல் போகும் அபாயத்தையும், நியாய மதிப்புக்கான இந்தியக் கணக்கியல் தரநிலையான இண்ட் ஏஎஸ் 113 மதிப்பில் சேர்க்கச் சொல்கிறது; உங்களுக்கு நட்டமென்றால் உங்கள் சொந்தக் கடன் தரத்தையும் பார்க்க வேண்டும். பேங்க் தாள்களில் பெரும்பாலும் இது இருக்காது. மூன்று மாத ஃபார்வர்டில் தொகை அற்பம். ஒரு முறை கணக்கிட்டு, பொருட்படுத்தத் தக்கதல்ல என்று எழுதி வையுங்கள். ஐந்து வருட கரன்சி ஸ்வாப்பில் (இரு நாணயத் தொகைகளை மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தம்) அப்படித் தப்ப முடியாது.

அந்த நட்டத்தை ஹெட்ஜ் (விலை மாற்ற அபாயத்துக்கு எடுத்த காப்பு) என்று காட்டி, லாப நட்டக் கணக்குக்கு வராமல் செய்யலாமா?

ஹெட்ஜ் ஆவணம் எந்தத் தேதியோ அன்றிலிருந்துதான் பலன். மார்ச் கடைசியில் உட்கார்ந்து ஜனவரி தேதி போட இடமில்லை. தாமதமாகத் தொடங்கினால் அன்று ஃபார்வர்டுக்கு ஏற்கெனவே ஒரு மதிப்பு இருக்கும். அதனால் ஹெட்ஜ் முழுதாகப் பொருந்தாது.

பட்டியலிட்ட ஒரு கம்பெனியில் 4 லட்சம் பங்குகள் இருக்கின்றன. தினசரி வர்த்தகம் 30,000-தான். 10 சதவீதம் குறைத்துக் காட்டலாமா?

கூடாது. லெவல் 1-ல், அதாவது சந்தையில் நேரடி விலை உள்ளவற்றுக்கு, விலை பெருக்கல் எண்ணிக்கை, அவ்வளவுதான். மொத்தமாக விற்றால் விலை சரியும் என்பது உண்மை. ஆனாலும் தரநிலை அந்தக் கழிவை ஏற்பதில்லை. தரகுக் கட்டணத்தையும் கழிக்காதீர்கள். என்எஸ்இ, பிஎஸ்இ விலைகள் வேறுபட்டால், அந்தப் பங்கு எங்கே அதிகம் கைமாறுகிறதோ அந்த விலை.

பட்டியலிடாத ஸ்டார்ட்அப் பங்கை வாங்கிய விலையிலேயே வைத்திருக்கலாமா?

அண்மைத் தகவல் போதாதபோது, அல்லது சாத்தியமான மதிப்புகள் மிகவும் விரிந்து கிடக்கும்போது, வாங்கிய விலை ஒரு மதிப்பீடாக நிற்கலாம். வெளியாருக்குப் புதிதாகப் பங்கு விற்றிருந்தாலோ, வியாபாரம் பட்ஜெட்டிலிருந்து வெகுவாக விலகியிருந்தாலோ அந்த வாதம் நிற்காது.

இங்கே அடிக்கடி நேரும் பிழை: கடைசிச் சுற்றில் முதலீட்டாளர் முன்னுரிமைப் பங்குக்குக் கொடுத்த விலையை உங்கள் சாதாரணப் பங்குக்கு ஒட்டுவது. கம்பெனி மூடப்பட்டால் முதலில் பணம் பெறும் உரிமை அவர்களுக்கு, உங்களுக்கு இல்லை. அந்த வித்தியாசத்தைக் கழிக்க வேண்டும். வருமான வரிக்காக வாங்கிய மதிப்பீட்டுச் சான்றிதழும் இதற்குப் பதிலாகாது. லெவல் 3 (சந்தையில் தெரியாத அனுமானங்களை வைத்துப் போட்ட மதிப்பு) என்பதால் ஆரம்ப இருப்பிலிருந்து இறுதி இருப்புவரை அட்டவணையும், பயன்படுத்திய அனுமானங்களின் எண்களும் குறிப்பில் வர வேண்டும்.

மியூச்சுவல் ஃபண்ட் யூனிட்டின் ஏற்ற இறக்கத்தை ஓசிஐ-க்குக் கொண்டுபோகலாமா?

முடியாது. ஓசிஐ (லாப நட்டத்துக்கு வெளியே காட்டும் பிற விரிவான வருமானம்) என்ற அந்தத் தெரிவு பங்கு முதலீட்டுக்கு மட்டும். யூனிட்டை ஃபண்டிடமே திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கலாம்; ஆகவே அது பங்கு ஆகாது. லிக்விட் ஃபண்டானாலும் என்ஏவி (யூனிட்டின் மதிப்பு) மாற்றம் லாப நட்டத்துக்கே.

நாங்கள் இண்ட் ஏஎஸ்-க்குள் வராத கம்பெனி. இதெல்லாம் எங்களுக்குமா?

பில் போட்டு வர வேண்டிய டாலருக்கு எடுத்த ஃபார்வர்டு என்றால் ஏஎஸ் 11 (அந்நியச் செலாவணிக்கான பழைய கணக்கியல் தரநிலை): பிரீமியத்தை ஒப்பந்தக் காலம் முழுக்கப் பிரித்து எழுதுங்கள். இன்னும் பில் ஆகாத ஆர்டருக்கு எடுத்தது என்றால் ஐசிஏஐ-யின் (பட்டயக் கணக்காளர் கழகம்) டெரிவேட்டிவ் வழிகாட்டிக் குறிப்பு பொருந்தும். அங்கே நியாய மதிப்பு உண்டு.