நீண்டநாள் நோயும் விலை கூடிய மருந்தும் இருந்தால் கனடாவில் குடியேற முடியாதா?

முடியும். நோயின் பெயரை விட அதற்கு ஆகும் செலவைத்தான் பார்க்கிறார்கள். கனடாவின் குடியேற்றச் சட்டத்தில் 'அளவுக்கு மீறிய சுமை' என்று ஒரு விதி உண்டு. உங்கள் சிகிச்சைக்கு அரசு செய்யும் செலவு, ஒருவருக்கு ஆகும் சராசரியைப்போல் மூன்று மடங்கைத் தாண்டினால் மறுக்கலாம். 2018-க்கு முன் சராசரியைத் தாண்டினாலே சிக்கல்தான்.

ஏன் இப்படி? அங்கே மருத்துவச் செலவின் பெரும்பகுதி பொது வரிப்பணம். அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுத் தண்ணீர்த் தொட்டி மாதிரி: புதிதாக வரும் வீட்டுக்கு எவ்வளவு தேவை என்று முன்பே கேட்கிறார்கள்.

சந்தேகம் வந்தால் ஒரு கடிதம் அனுப்புவார்கள். பார்த்ததும் மனம் உடைந்துவிடாதீர்கள், அது மறுப்பு அல்ல. பதில் சொல்ல வழக்கமாக 90 நாள் உண்டு. உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்: மாதத்துக்கு எத்தனை மாத்திரை, அதே மருந்து ஜெனரிக்கில் (பிராண்ட் பெயரில்லாத மலிவு வகையில்) கிடைக்குமா, வேலை தரும் நிறுவனத்தின் காப்பீடு எவ்வளவு ஏற்கும். அப்புறம் மருத்துவரின் கடிதத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

அகதிகளுக்கும், ஸ்பான்சர் செய்யப்படும் கணவன், மனைவி, சார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் இந்த விதி கிடையாது.

நோயைச் சொல்லாமல் விட்டால் தப்பலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தவறு, பொய்த்தகவலுக்கு 5 ஆண்டு தடை விழும்.