அந்த மலையில் எல்லோருமே கொள்ளைக்காரர்களா?

கேள்வி: அக்கா, மதுரை விளாங்குடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறுதோறும் ஐந்து பேர் சேர்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம், ஆளுக்கொரு பாத்திரமாகி பகடை உருட்டிக் கதையை நகர்த்துகிற விளையாட்டு. கதையையும் உலகத்தையும் சொல்லி நடத்துகிற கேம் மாஸ்டர் நான்தான். அதில் வருகிற ஓர்க், எல்ஃப் போன்ற கற்பனை இனங்கள் எல்லாம் சலித்துப்போய், நம்ம ஊர் மாதிரி ஒரு உலகம் நானே செய்தேன். அதில் கருமலை மக்கள் என்று ஒரு கூட்டம். பிறவியிலேயே முரடர்கள், வழிப்பறிதான் தொழில். அவர்களுக்கு உசிலம்பட்டிப் பக்கத்துப் பேச்சில் குரல் கொடுத்தேன், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உசிலம்பட்டிக்காரனான நண்பன் மட்டும் கையிலிருந்த பகடையைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். மூன்று வாரமாக வரவில்லை. 'விளையாட்டுதானே, இதுக்கெல்லாமா கோபம்' என்கிறார்கள் மற்றவர்கள். நான் என்ன செய்ய? - பெயர் வேண்டாம், விளாங்குடி.

பதில்: தம்பி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், தப்பு உங்கள் பக்கம்தான். நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது, ஆனால் அவர் எழுந்து போனதற்குக் காரணம் இருக்கிறது, அது சின்னக் காரணமும் இல்லை.

நான் வேலைக்காகச் சென்னை போன புதிதில் வாடகைக்கு வீடு தேடினேன். ஒரு அம்மா மாடிப்படி ஏறி அறையைத் திறந்து காட்டி, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று திருகியும் காட்டிவிட்டு, சாவியைக் கொடுக்கப் போகிற நேரத்தில் எந்த ஊர் என்று கேட்டார். மதுரை என்றேன். சாவியைத் திரும்ப முந்தானையில் முடிந்துகொண்டார். 'உங்க ஊர்ல அருவா இல்லாம வெளியவே வர மாட்டாங்களாமே' என்றார், ரொம்ப சாதாரணமாக. இருபது வருஷம் ஆகியும் அந்த முடிச்சு என் கண்ணைவிட்டுப் போகவில்லை. மதுரைக்காரரான உங்களுக்கும் இப்படி ஒன்று நடந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். அதைத்தான் உங்கள் மாடியில் நீங்கள் உசிலம்பட்டிக்காரருக்குச் செய்திருக்கிறீர்கள்.

இன்னும் ஒன்று. 'பிறவியிலேயே' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லுக்கு உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வரலாறு உண்டு. 1871-ல் வெள்ளைக்காரர் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம்ம ஆட்கள் கைரேகைச் சட்டம் என்பார்கள். பிரமலைக் கள்ளர் போன்ற சில சாதிகளில் பிறந்தாலே குற்றவாளி என்று வைத்து, திருடியவர் திருடாதவர் என்ற பேதமே இல்லாமல் ஆண்களிடம் ரேகை வாங்கினார்கள், ராத்திரி சொந்த வீட்டில் படுக்கக்கூட விடவில்லை. ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற பெருங்காமநல்லூர் மக்கள்மேல் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. செத்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் உண்டு. 1947-ல்தான் நம் மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. உங்கள் நண்பருடைய தாத்தாவின் அப்பா ரேகை வைத்தவராக இருக்கலாம். அந்த வீட்டுப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை ஜாலியாக விளையாட வந்த இடத்தில், தன் பாட்டி பேசுகிற பேச்சில், அதே வாக்கியத்தைக் கேட்டால் எப்படி இருக்கும்?

இதில் வேடிக்கை பார்க்கிற நாமும் மறக்கக்கூடாத ஒன்று, சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் மலையை விட்டுக் கிளம்புவதே கள்ளர் திருக்கோலத்தில்தான். வளைத்தடியோடு வருகிறவரை எதிர்சேவை செய்து ஊரே கும்பிடுகிறது. சட்டப் புத்தகம் அந்த மக்களைப் பார்த்த விதம் ஒன்று, இந்த மண் பார்த்த விதம் வேறு.

நீங்கள் விளையாடுகிற விளையாட்டுக்கே இந்தத் தலைவலி பழசு. 1974-ல் அது வந்த காலத்திலிருந்து ஒரு இனத்துக்கு ஒரு குணம் என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. 2016-ல் வந்த ஒரு புத்தகத்தில்கூட, ஓர்க்காகப் பிறந்தால் அறிவுக்கான எண்ணில் 2 கழிந்துவிடும். பிறகு அந்தக் கழித்தலை எடுத்தார்கள். 2024 விதிப் புத்தகத்தில் பலம், அறிவு போன்றவற்றுக்கான கூடுதல் எண்கள் பிறப்பிலிருந்து வருவதில்லை, அந்தக் கேரக்டர் வளர்ந்த பின்னணியிலிருந்து வருகின்றன. ஓர்க்கும் அந்த விதிப் புத்தகத்திலேயே ஆடுகிறவர் எடுத்துக்கொள்ளக்கூடிய இனமாக இருக்கிறது. நம்ம ராட்சதனையே பாருங்களேன், அவர்கள் புத்தகத்தில் புலித்தலையோடு, உள்ளங்கை பின்பக்கம் திரும்பிய அரக்கனாக இருக்கிறான். வீணை வாசித்த ராவணன் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது யாரோ எவரோ. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஒரு மக்கள் அப்படித்தான் ஒற்றை முகமாகத் தெரிவார்கள். ஆனால் நீங்கள் தூரத்து ஆள் கிடையாது, விளாங்குடியிலிருந்து உசிலம்பட்டி ஒரு பஸ் தூரம்.

சரி, அப்போ கொள்ளைக்காரனே வேண்டாமா என்று உங்கள் கூட்டாளிகள் கேட்பார்கள். தாராளமாக வரட்டும். ஒரு கொள்ளைக் கும்பலை வையுங்கள், அதில் மலைக்காரனும் இருக்கட்டும், நகரத்து வணிகரின் மகனும் இருக்கட்டும். மக்களுக்குள் வித்தியாசமே இருக்கக்கூடாது என்றும் நான் சொல்லவில்லை, எல்லோரையும் ஒரே அச்சில் வார்த்துவிட்டால் அந்த உலகத்தில் ஊர் ஊராகப் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது? திருமலை நாயக்கர் மகால் பக்கம் ஒரு தெருவுக்குள் நுழைந்தால் வீட்டுக்குள் சௌராஷ்டிர மொழி கேட்கும், வாசலில் தமிழ், அதுதானே மதுரை.

கேம் மாஸ்டர் என்ற முறையில் நீங்கள் கவனிக்க வேண்டியது யார் வாயால் அந்தச் சொல் வருகிறது என்பதை. 'கருமலை மக்கள் முரடர்கள்' என்று நீங்கள் சொன்னால் அந்த உலகத்தில் அது உண்மை ஆகிவிடும், ஏனென்றால் அங்கே மழை பெய்கிறது என்று சொல்வதும் நீங்கள்தான். அதையே சுங்கச்சாவடியில் உட்கார்ந்திருக்கும் ஒரு கணக்கர் சொல்லட்டும். அப்போது அது அவருடைய அபிப்பிராயம், அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று ஆடுகிறவர்கள் தோண்டலாம். தோண்டினால் ஏதாவது கிடைக்க வேண்டும். முல்லையும் குறிஞ்சியும் வேனில் வெயிலில் வளம் குன்றித் திரிந்தால் பாலை ஆகும் என்று மதுரைக்கு நடந்து வரும் வழியைச் சொல்லும்போதே சிலப்பதிகாரம் சொல்கிறது. நிலம் காய்ந்தால் ஆறலைக்கும் தொழில், அதாவது வழிப்பறி வரும், அதுவும் எல்லோருக்கும் இல்லை. உங்கள் கருமலையில் ஊற்றை யார் அடைத்தது? கிழங்கு தோண்டி விற்கும் ஒரு பாட்டி, வழிப்பறிக்குப் போகிற தன் பேரனோடு ஆறு மாசமாகப் பேசாமல் இருக்கிறாள் என்று வையுங்கள். வந்தவர்களுக்குச் சோறு போடுகிறாள், பேரன் தட்டைத் தானே எடுத்துக்கொள்கிறான். இந்த ஒரு வீடு போதும், பிறகு யாரும் 'அந்த மலைக்காரங்க' என்று மொத்தமாகப் பேச மாட்டார்கள். அப்புறம் அந்தக் குரல் விஷயம், உண்மையில் இருக்கிற ஒரு ஊர்ப்பேச்சை வில்லனுக்கு மட்டும் கொடுக்காதீர்கள். அரசனுக்கும் வைத்தியருக்கும் அதே பேச்சு வந்தால் அது ஊர்ப்பேச்சு, திருடனுக்கு மட்டும் வந்தால் அது முத்திரை குத்துவது.

ஆனால் இதெல்லாம் அப்புறம். முதலில் அவர் வீட்டுக்குப் போங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் சாரி போடாதீர்கள், தனியாகப் போய், 'அந்தக் குரலில் பேசியது தப்பு, இனி செய்ய மாட்டேன்' என்று மட்டும் சொல்லுங்கள். நான் அப்படி நினைக்கலை, மத்தவங்களும் சிரிச்சாங்களே என்றெல்லாம் இழுக்க வேண்டாம். கருமலையை எப்படி மாற்றலாம் என்று அவரிடமே கேட்டு வேலை வைக்கவும் வேண்டாம், அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். சிரித்த மற்ற மூன்று பேரிடம் நீங்கள்தான் பேச வேண்டும், அவர் வருவதற்கு முன்னாலேயே. உடனே அவர் வரவில்லை என்றால் விடுங்கள், வற்புறுத்தாதீர்கள். அவருடைய பாத்திரத்தின் விவரம் எழுதிய கேரக்டர் ஷீட்டை மட்டும் வேறு யாருக்கும் கொடுத்துவிடாமல் பத்திரமாக வைத்திருங்கள்.