மலிவு பீர் ஏன் அப்படி நாறுகிறது?

குடித்ததிலேயே மோசமான மலிவு பீரைப் பற்றிக் கேட்டால், பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அதன் நாற்றம். அதில் கந்தக வாடை அடித்திருந்தால் காரணம் பெரும்பாலும் விலை அல்ல, வெளிச்சம். பீருக்குக் கசப்பு தரச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள்கள் மீது ஒளி பட்டால், பீரிலுள்ள ரிபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) துணையோடு அவை சிதைந்து ஒரு கந்தகச் சேர்மம் உருவாகும். லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். பழுப்பு பாட்டில் அந்த ஒளியைப் பெருமளவு தடுக்கும். பச்சை பாட்டில் அவ்வளவாகத் தடுக்காது, நிறமற்றது இன்னும் மோசம். கேனுக்குள் ஒளியே போகாது.

ஈர அட்டை வாசம் ஆக்சிஜனும் வெப்பமும் பட்டுப் பழசானதன் அடையாளம். வெந்த மக்காச்சோள வாசத்துக்கு, பலர் நினைப்பதுபோல், பீரில் சேர்க்கும் மக்காச்சோளம் காரணமில்லை. மால்ட்டிலிருந்து (முளைகட்டி உலர்த்திய தானியம்) வரும் டைமெத்தில் சல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மம், பீர் தயாரிக்கும்போது சரியாகக் கொதித்து வெளியேறாததுதான் காரணம். மக்காச்சோளமும் அரிசியும் பீரின் சுவையை மெலிதாக்கும், நாறவைக்காது.