மழை நாளுக்கு ஒரு போன் போதுமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஸ்மார்ட் போனிலேயே டோர்ச், ரேடியோ எல்லாம் இருக்கிறதே. லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) அவற்றைத் தனியாக வாங்கி வைக்க வேண்டுமா?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: கட்டாயம் வேண்டும். கரண்ட் போன இரவில் பேச்சு, வெளிச்சம், செய்தி மூன்றுக்கும் போனில் இருப்பது ஒரே பற்றரி. அது இறங்கினால் மூன்றும் சேர்ந்தே போகும். பள்ளத்து லயங்களில் டவர் எட்டாதபோது போன் கூடிய வலுவோடு அலை அனுப்பும், சிக்னலைத் தேடிக்கொண்டே இருக்கும். கையில் எடுக்காமலே பற்றரி இறங்குவது அதனால்தான். டவரும் கரண்டில் ஓடுவதுதான். அதன் பற்றரியும் தீரும். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலையகத்தின் பல இடங்களில் மின்சாரமும் போன் தொடர்பும் சேர்ந்தே அறுந்தன.

ரேடியோ அலையை வாங்க மட்டுமே செய்கிறது. அதனால் இரண்டு சிறிய பற்றரியில் பல நாள் செய்தி கேட்கலாம். தகரக்கூரை அலையை மறைக்கும். ஏரியலை முழுதாக நீட்டி ஜன்னலோரம் வையுங்கள். போன் ரேடியோவுக்கு இயர்போன் வயர்தான் ஏரியல், புதிய போன்கள் பலவற்றில் அந்த வசதியே இல்லை. டேட்டாவை அணைத்துவிட்டு இன்றே சோதித்துப் பாருங்கள்.

டோர்ச்சில் நெற்றியில் கட்டுவதே நல்லது. பிள்ளையைத் தூக்க இரு கையும் வேண்டும். நனைந்த விரலுக்குப் போன் திரையும் சரியாக வேலை செய்யாது. பழைய பற்றரியோடு புதியதைக் கலக்காதீர்கள், பலவீனமானது கசிந்து உள்ளே இருக்கும் தகட்டை அரித்துவிடும். பாவிக்காத மாதங்களில் பற்றரியைக் கழற்றி வையுங்கள்.

போனை ஃப்ளைட் மோடில் போட்டு, மணிக்கு ஐந்து நிமிடம் மட்டும் திறந்து பாருங்கள். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் 5,000 எம்ஏஎச் போனை இரண்டு தடவை நிரப்பும் என்று எண்ண வேண்டாம். பவர் பேங்கிலிருந்து போனுக்கு மின்சாரம் மாறும்போது இழப்பு உண்டு, ஏறக்குறைய ஒன்றரைத் தடவைதான் கிடைக்கும்.

கேள்வி: மழை அளவைப் போன் ஆப் காட்டுகிறதே, அது போதாதா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: போதாது. ஆப் காட்டுவது பல கிலோமீட்டர் பரப்புக்கான கணிப்பு. தென்மேற்குப் பருவத்தில் வட்டவளையில் கொட்டும்போது உங்கள் ஊவாப் பக்கம் காய்ந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே தோட்டத்தில்கூட மேல் டிவிசனும் கீழ் டிவிசனும் ஒத்துப்போவதில்லை.

ஒன்றரை லீற்றர் சோடா போத்தலின் தோள்பகுதியை வெட்டி, மூடியைக் கழற்றி, தலைகீழாக அதே போத்தலுக்குள் புனல்போல் வையுங்கள். அடியில் கூழாங்கல் போட்டு, பக்கம் நேராகத் தொடங்கும் இடம்வரை தண்ணீர் ஊற்றிக் கோடு போடுங்கள், அதுதான் பூச்சியம். கூரைக்கும் மரத்துக்கும் அவற்றின் உயரத்தைப்போல் இரு மடங்கு தள்ளி வைத்து, தினமும் காலை 8.30க்கு அடிமட்டத்தால் அளந்து எழுதுங்கள். பிறகு கோடுவரை தண்ணீரைக் குறையுங்கள். கடும் மழையில் போத்தல் நிரம்புமுன்பே அளந்து கூட்டிக்கொள்ள வேண்டும்.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைக் கணக்கில், 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 என்றால் வெளியேறத் தயார், 150 என்றால் வெளியேற வேண்டும். நிலத்தில் வெடிப்பு, சரியும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று தெரிந்தால் அளவைப் பார்த்து நிற்காதீர்கள். இடர் முகாமைத்துவ நிலையத்தின் எண் 117.

கேள்வி: அலாரத்துக்கும் தனிக் கடிகாரம் வேண்டுமா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: வேண்டாம். ஃப்ளைட் மோடிலும் போன் அலாரம் அடிக்கும். போனை அணைத்து வைத்தால் பெரும்பாலான போன்களில் அடிக்காது.